காலிப் புலமும் ஒரு செய்தியே

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி ஆகிய நிலையங்களைத் தாண்டியதும் கவரைப்பேட்டை வரும். அதற்கு அடுத்தது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையும் மாலையும் நிரம்பி வழியும் தடம் இது. ஆந்திரத்துக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் விரைவு ரயில்களும் இதே வழியில்தான் போகின்றன.

2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு ரயில் 8 மணி 27 நிமிடத்துக்குப் பொன்னேரியைக் கடந்தது. கவரைப்பேட்டையில் அது நிற்காமல் நேர்த் தடத்தில் செல்வதற்குப் பச்சை விளக்கு காட்டப்பட்டிருந்தது. ஆனால் நிலையத்துக்குள் நுழையும்போது ரயில் பக்கத் தடத்துக்குத் திரும்பிவிட்டது. அந்தத் தடத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகத்தில் பாக்மதி ரயில் அதன்மீது மோதியது. பல பெட்டிகள் தடம் புரண்டன, பலர் காயமடைந்தனர். நல்ல வேளையாக உயிரிழப்பு ஏதும் இல்லை.

விபத்துக்குப் பின் எழுந்த முதல் கேள்வி என்ன? விளக்கு நேர்த் தடத்தைக் காட்டியது. ரயில் பக்கத் தடத்துக்குப் போனது. அப்படியானால் அந்த நேரத்தில் எந்தக் கருவி எந்த நிலையில் இருந்தது? இதைத் தெரிந்துகொள்ள ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, நிலையத்தில் உள்ள ‘டேட்டா லாகர்’ என்னும் கருவியின் பதிவுகள். இத்தகைய பதிவுகளை ஒரு கணிப்பொறி நிரல் எப்படிப் படிக்கிறது, படிக்கும்போது எங்கே தவறும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தூங்காத எழுத்தர்

ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் இடத்தைப் ‘பாயிண்ட்’ என்று ரயில்வே ஊழியர்கள் சொல்வார்கள். அங்கே நாக்குப் போலக் கூராகச் சீவப்பட்ட இரண்டு நகரும் தண்டவாளங்கள் இருக்கும். அவை ஒரு பக்கம் ஒட்டி நின்றால் வண்டி நேரே போகும். அதற்கு ‘நார்மல்’ நிலை என்று பெயர். மறுபக்கம் ஒட்டி நின்றால் வண்டி திரும்பும். அது ‘ரிவர்ஸ்’ நிலை. நாக்கு சரியாக ஒட்டிக்கொண்டதா என்பதை மின்தொடர்புகள் சோதித்து, ஒரு ரிலேயை இயக்கும். ரிலேயைப் பற்றி இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது மின்காந்தமாகி இரும்புத் தகட்டை இழுக்கும். மின்சாரம் நின்றால் தகடு விழுந்துவிடும்.

டேட்டா லாகர் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான ரிலேக்களை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். ஏதேனும் ஒன்றின் நிலை மாறினால் போதும். மாறிய நேரத்தையும் மாறிய கருவியையும் உடனே குறித்துக்கொள்ளும். இந்திய ரயில்வேயின் தர வரையறைப்படி 16 மில்லி விநாடிக்குள் எல்லாத் தொடர்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும்.

இது எவ்வளவு குறுகிய காலம் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 75 கி.மீ. என்பது விநாடிக்கு 20.8 மீட்டர். அதை 0.016-ஆல் பெருக்கினால் 0.33 மீட்டர். அதாவது, விரைந்து வரும் ரயில் ஒரு முழத்துக்கும் குறைவாகவே நகர்ந்திருக்கும். அதற்குள் லாகர் ஒரு முறை எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்கும். எந்த எழுத்தராலும் இது முடியாது!

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. இப்படி ஓயாமல் எழுதினால் பதிவுகள் ஆயிரக்கணக்கில் குவிந்துவிடும். மனிதர் ஒவ்வொரு வரியாகப் படித்து முடிப்பது கடினம். ரயில்வேயில் மட்டுமல்ல, உருக்காலையில் உலையின் வெப்பநிலையைக் குறிக்கும் கருவியும், உங்கள் பள்ளிக் கணிப்பொறியும்கூட இப்படி நாட்குறிப்பு எழுதிக்கொண்டேதான் இருக்கின்றன. எழுதியது இயந்திரம்; படிக்கவும் இயந்திரமே வேண்டும். அதற்கு நாம் ஒரு நிரல் எழுத வேண்டும்.

புலங்கள்

நாம் எடுத்துக்கொள்ளும் மொழி ‘சி’. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி இது. கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் சிறு கணிப்பொறிகளுக்கு இன்றும் பெரும்பாலும் இம்மொழியிலேயே நிரல் எழுதுகிறார்கள்.

பாடத்துக்காக நானே அமைத்த ஒரு சிறு பதிவேட்டைக் கீழே தருகிறேன். இது கவரைப்பேட்டைப் பதிவு அன்று. உண்மையான லாகரின் அமைப்பும் இதைவிடச் சிக்கலானது.

20:14:02,பாயிண்ட் 11,நார்மல்,நார்மல்,ரிவர்ஸ்
20:15:40,பாயிண்ட் 12,ரிவர்ஸ்,,நார்மல்
20:15:44,பாயிண்ட் 12,ரிவர்ஸ்,ரிவர்ஸ்,நார்மல்
20:22:17,பாயிண்ட் 11,ரிவர்ஸ்,,நார்மல்
20:22:21,பாயிண்ட் 11,ரிவர்ஸ்,ரிவர்ஸ்,நார்மல்
20:31:09,பாயிண்ட் 12,நார்மல்,,ரிவர்ஸ்

ஒவ்வொரு வரியும் ஒரு நிகழ்வு. காற்புள்ளிகள் அதை ஐந்து துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டையும் ‘புலம்’ என்கிறோம். (காந்தப் புலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை!) முதல் புலம் நேரம். இரண்டாவது கருவி. மூன்றாவது அதற்கு இடப்பட்ட கட்டளை. நான்காவது, இப்போது கண்ட நிலை. ஐந்தாவது, இதற்கு முன் உறுதியாக இருந்த நிலை.

இரண்டாம் வரியை உற்றுப் பாருங்கள். இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அதாவது நான்காம் புலம் காலி. பாயிண்ட் நகர்ந்துகொண்டிருக்கிறது, அது நார்மலிலும் இல்லை, ரிவர்ஸிலும் இல்லை. நான்கு விநாடி கழித்து, மூன்றாம் வரியில், அது ரிவர்ஸில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆறாம் வரியிலும் நான்காம் புலம் காலி. ஆனால் அதற்குப் பின் வேறு வரி இல்லை. பாயிண்ட் 12 நார்மலுக்கு வந்து சேரவே இல்லை என்று பொருள். இந்தப் பதிவேட்டிலேயே மிக முக்கியமான செய்தி அந்தக் காலியிடம்தான்.

ஒரு வரியை வாங்குதல்

நிரலின் முதல் வேலை, கோப்பைத் திறந்து ஒரு வரியைப் படிப்பது. வரியை வைக்க ஓர் அணி வேண்டும். அணி என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட பெட்டிகள்; ஒரு பெட்டியில் ஒரு பைட். 256 பெட்டிகள் எடுத்துக்கொள்வோம். ‘எஃப்கெட்ஸ்’ என்னும் செயற்கூறிடம் அணியின் பெயரையும் 256 என்ற அளவையும் கொடுத்தால், அந்த அளவுக்கு மேற்படாமல் ஒரு வரியை எடுத்து வந்து வைக்கும். முடிவில் ஒரு பூஜ்யக் குறியையும் இடும். சரம் இங்கே முடிகிறது என்பதை ‘சி’ மொழி அந்தப் பூஜ்யத்தைக் கொண்டே அறிகிறது.

முன்பு ‘கெட்ஸ்’ என்று இன்னொரு செயற்கூறு இருந்தது. அது அளவு கேட்காது. வரி நீளமாக இருந்தால் அணியைத் தாண்டி அடுத்த நினைவகத்திலும் எழுதிவிடும். 1988 நவம்பரில் இணையக் கணிப்பொறிகளில் பரவிய ‘மாரிஸ் புழு’ என்னும் நிரல் உள்ளே நுழையப் பயன்படுத்திய வழிகளில் இந்தக் குறைபாடும் ஒன்று. 2011-இல் வந்த ‘சி’ மொழித் தரவரையறையில் கெட்ஸ் நீக்கப்பட்டுவிட்டது. பழைய புத்தகங்களில் அதைக் கண்டால் ஒதுக்கிவிடுங்கள்.

எளிய வழியின் ஆபத்து

வரி கிடைத்துவிட்டது. இனி அதைத் துண்டாக்க வேண்டும். ‘ஸ்டிர்டாக்’ என்றொரு ஆயத்தச் செயற்கூறு ‘சி’ மொழியில் உண்டு. வரியையும் காற்புள்ளியையும் கொடுத்தால் துண்டு துண்டாக எடுத்துத் தரும். மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கற்பது இதைத்தான். என் வகுப்பு மாணவர்களும் இதைத்தான் எழுதினார்கள்.

நம் பதிவேட்டை அதனிடம் கொடுத்து, நான்காம் புலத்தில் வரும் வெவ்வேறு மதிப்புகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று கேட்டால், கிடைக்கும் விடை இது:

நார்மல் 3, ரிவர்ஸ் 3.

மொத்தம் ஆறு வரிகள். மூன்றும் மூன்றும் ஆறு. கணக்குச் சரியாக இருக்கிறது. நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தரவில்லை. ஆனால் விடை தவறு! கையால் எண்ணிப் பாருங்கள். நார்மல் 1, ரிவர்ஸ் 2, காலி 3 என்பதே சரியான விடை.

எங்கே தவறு நேர்ந்தது? அடுத்தடுத்து வரும் பல காற்புள்ளிகளை ஸ்டிர்டாக் ஒரே காற்புள்ளியாகக் கருதும். அதன் கண்ணுக்குக் காலிப் புலம் என்று ஒன்று கிடையாது. எனவே இரண்டாம் வரியில் அது நான்கு துண்டுகளையே கண்டது. ஐந்தாம் புலத்தில் இருந்த ‘நார்மல்’ நான்காம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. பழைய நிலை இப்போதைய நிலையாகிவிட்டது. வகுப்பில் ஒருவன் வராத நாளில், பெயர் சொல்லாமல் வரிசையாக எண்களை மட்டும் கூப்பிட்டால் என்ன ஆகும்? அவனுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஓர் எண் முன்னே வந்துவிடுவார்கள் அல்லவா? அதே கதைதான்.

ஆறாம் வரியில் விளைவு இன்னும் மோசம். பாயிண்ட் 12 எங்கே நிற்கிறது என்று எவருக்கும் தெரியாத நேரத்தில், அது ரிவர்ஸில் உறுதியாக நிற்பதாக நிரல் அறிவிக்கிறது. ‘தெரியாது’ என்பது ‘தெரியும்’ என்று மாறிவிட்டது. நிரல் நின்றுபோயிருந்தால்கூட நாம் விழித்துக்கொண்டிருப்போம். நிற்காமல் தவறான விடை தரும் நிரலே அதிக ஆபத்தானது.

‘ஸ்கேன்எஃப்’ குடும்பத்தைச் சேர்ந்த செயற்கூறுகளிலும் கவனம் வேண்டும். சரத்தைப் படிக்கும் அதன் சாதாரணக் குறி, வெற்றிடம் வந்தவுடன் நின்றுவிடும். ‘பாயிண்ட் 11’ இரண்டாக உடையும். காற்புள்ளி வரை படி என்று சொல்ல %[^,] என்னும் குறி உண்டு. ஆனால் அதற்கு ஓர் எழுத்தாவது வேண்டும். காலிப் புலத்தைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். எத்தனை புலங்கள் கிடைத்தன என்ற எண்ணிக்கையை அது நம்மிடம் திருப்பித் தருகிறது. ஐந்துக்குப் பதில் மூன்று என்று சொல்லும். அந்த எண்ணைச் சரிபார்த்தால் தப்பிக்கலாம். பார்க்காமல் விட்டால், முந்தைய வரியின் மதிப்புகளே மாறிகளில் தங்கியிருக்கும்.

சரியான வழி

அப்படியானால் என்ன செய்வது? நாமே துண்டாக்குவோம். அது கடினமன்று. ‘சுட்டு’ என்பது நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் மாறி. ஆள்காட்டி விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. சுட்டு வரியின் முதல் எழுத்தைக் காட்டட்டும்.
2. அங்கிருந்து தொடங்கி அடுத்த காற்புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடு. (‘ஸ்டிர்சர்’ என்னும் செயற்கூறு இதைச் செய்யும்.)
3. காற்புள்ளி இருந்தால், அதை அழித்து அந்த இடத்தில் பூஜ்யக் குறியை வை. சுட்டு காட்டும் இடத்திலிருந்து அந்தப் பூஜ்யம் வரை உள்ளது ஒரு புலம். பிறகு சுட்டைப் பூஜ்யத்துக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்தி, 2-க்குத் திரும்பு.
4. காற்புள்ளி இல்லாவிட்டால், மீதி இருப்பதே கடைசிப் புலம்.
5. புலங்கள் மொத்தம் ஐந்துதானா என்று பார். இல்லையென்றால், அந்த வரியைக் கணக்கில் சேர்க்காமல் தனியே அச்சிடு.

இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும்? சுட்டு இரண்டாவது காற்புள்ளியின் மீதே நிற்கும். அது பூஜ்யமாக மாற்றப்பட்டதும், சுட்டு காட்டுவது நீளமே இல்லாத ஒரு சரம். அதுவும் ஒரு புலமாகவே எண்ணப்படும். இடம் மாறாது, வரிசை குலையாது. பெர்க்லி பல்கலைக்கழக யுனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் ‘ஸ்டிர்செப்’ என்னும் செயற்கூறு இதே வேலையைச் செய்கிறது. ஸ்டிர்டாக்கால் காலிப் புலங்களைக் கையாள முடியாது என்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது.

வெவ்வேறு மதிப்புகளைச் சேர்த்தல்

இனி நான்காம் புலத்தில் வரும் வெவ்வேறு மதிப்புகளைப் பட்டியலிடலாம். முறை எளிது. ஒரு காலிப் பட்டியலுடன் தொடங்குங்கள். புதிய மதிப்பு வந்தால் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் அதன் எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் சேர்த்து, எண்ணிக்கையை ஒன்று என்று வையுங்கள். இதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது, ஒப்பிடுதல். இரண்டு சரங்களைச் சமக்குறி இட்டு ஒப்பிட்டால், ‘சி’ மொழி அவற்றின் எழுத்துகளை ஒப்பிடாது. அவை இருக்கும் இடங்களை ஒப்பிடும். ஒரே பெயருள்ள இரண்டு பேரை வீட்டு முகவரியை வைத்து வேறு வேறு என்று சொல்வது போன்றது அது. எழுத்துகளை ஒப்பிட ‘ஸ்டிர்கம்ப்’ வேண்டும். அது பூஜ்யம் தந்தால் இரண்டும் ஒன்றே.

இரண்டாவது, நகல் எடுத்தல். பட்டியலில் சுட்டை மட்டும் வைத்தால் போதாது. 256 பெட்டிகள் கொண்ட அணி ஒரு கரும்பலகை மாதிரி. அடுத்த வரி வந்ததும் பழையது அழிந்துவிடும். சுட்டோ அதே இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மதிப்பைத் தனி இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, வரியின் முடிவு. எஃப்கெட்ஸ் வரிமுடிவுக் குறியையும் சேர்த்தே கொண்டு வரும். அது ஐந்தாம் புலத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கோப்பின் கடைசி வரியில் அக்குறி இல்லாமலும் இருக்கலாம். அப்போது பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு ‘ரிவர்ஸ்’கள் பட்டியலில் இருவேறு மதிப்புகளாக நிற்கும். எனவே வரியைத் துண்டாக்கும் முன்பே வாலை நறுக்கிவிடுங்கள்.

காலியிடத்தால் வரும் குழப்பத்தை எழுதும்போதே தவிர்க்கவும் வழி உண்டு. கணிப்பொறிகள் தங்கள் நிகழ்வுகளைப் பதியும் ‘சிஸ்லாக்’ என்னும் முறையை, 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் உருவாக்கினார். 2009-இல் வெளியான அதன் தரவரையறை, தலைப்புப் புலம் ஒன்றுக்கு மதிப்பு இல்லையென்றால் அங்கே ஒரு சிறுகோடு (-) இட வேண்டும் என்கிறது. ‘இல்லை’ என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

பதிவேட்டுக்கு அப்பால்

நிரல் சரியாகப் படித்துவிட்டால் உண்மை முழுவதும் தெரிந்துவிடுமா? அப்படியும் சொல்ல முடியாது. ரிலே சொன்னதைத்தான் லாகர் எழுதும். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், பாஹாநாகா பஜார் நிலையத்தில் நடந்த விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் இணைப்புகளில் முன்பு செய்த மாற்றங்களில் நேர்ந்த தவறே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. பாயிண்ட் பக்கத் தடத்தை நோக்கி இருக்க, விளக்கோ நேர்த் தடத்துக்குப் பச்சை காட்டியது.

கவரைப்பேட்டை விபத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். கருவி எதுவும் திடீரெனப் பழுதாகவில்லை என்றும், பாயிண்ட்டின் பாகங்கள் வேண்டுமென்றே கழற்றப்பட்டிருந்தன என்றும் அவர் முடிவு கூறியதாக 2025-இல் செய்திகள் வெளிவந்தன. திருகாணியையும் தண்டவாளத்தையும் நேரில் பார்த்தவர்களின் சாட்சியும் தேவை. மில்லி விநாடிக் கணக்கில் எழுதப்பட்ட பதிவேட்டின் சாட்சியும் தேவை. கருவியின் தவறு ஒரு பக்கம் இருக்கட்டும். அது சரியாக எழுதியதை நம் நிரல் மாற்றிப் படிக்காமல் இருக்க வேண்டும். அது நம் பொறுப்பு.

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள ஆறு வரிகளை ஒரு கோப்பில் தட்டச்சு செய்யுங்கள். ஸ்டிர்டாக் கொண்டு ஒரு நிரலும், சுட்டு முறையில் ஒரு நிரலும் எழுதி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். நான்காம் புலம் காலியாக இருந்தால் ‘காலி’ என்று அச்சிடச் செய்யுங்கள்.

2. பாயிண்ட் நகரத் தொடங்கியது முதல் ஒட்டிக்கொண்டது வரை எத்தனை விநாடி ஆனது என்று ஒவ்வொரு இயக்கத்துக்கும் கணக்கிடுங்கள். நேரப் புலத்தை மணி, நிமிடம், விநாடி என மூன்றாகப் பிரிக்க எந்தக் குறியைத் தேடுவீர்கள்?

3. ஒரு வரியின் முடிவில் கூடுதலாக ஒரு காற்புள்ளி இட்டுப் பாருங்கள். உங்கள் நிரல் அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறதா, அல்லது மௌனமாக ஏற்றுக்கொள்கிறதா?

கணிப்பொறி வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆறு வரிகளையும் தாளில் எழுதி, ஆள்காட்டி விரலையே சுட்டாகக் கொண்டு படிப்படியாகச் செய்து பாருங்கள். கணிப்பொறி செய்வதும் அதுவே.